வீட்டில் செய்த விற்றமினும் நகைக்கடை மெசினும்

போன வருடம், தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்ட நாட்களில், கிளிநொச்சிப் பக்கம், அக்கராயனில் எங்கள் வீட்டுக் குசினியில் தொடங்கிய கதை இது. காலபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. என் கணவர் விடியவே வயலுக்குப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வேலை செய்தால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். யார் எதைச் சொன்னாலும் திருத்துவேன். கல்யாண வீட்டில் பந்தியில் இருந்துகொண்டுகூடத் திருத்துவேன். பிள்ளைகள் இரண்டும் படிக்க வெளியூர் போன பிறகு, வீட்டில் திருத்துவதற்கு இவர் ஒருவர்தான் மிச்சம்.

இவர் தலையிடிக்குக்கூடக் குளிசை போடாத மனிதர். அப்படிப்பட்டவரை, ஊருக்கு வந்த ஒரு பரிசோதனை முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். சிறுநீரகம் கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறதாம். ரிப்போட்டில் கிரியேற்றினின் என்ற கழிவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். இப்போதைக்குப் பெரிய பயமில்லை, கவனமாக இருந்தால் இப்படியே வைத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எங்கள் பக்கத்தில் சிறுநீரக வருத்தத்தால் போன விவசாயிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். அந்த வட்டத்தைப் பார்த்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கச்சியிடம் அழுதேன். அவள் அழுகிற சாதி இல்லை, செய்கிற சாதி. இரண்டே கிழமையில் பார்சல் வந்தது. உள்ளே பெரிய டப்பாவில் விற்றமின் சி தூள், ஒரு பக்கெட்டில் லெசித்தின் என்ற மஞ்சள் துணிக்கைகள். கூடவே போனுக்கு ஒரு வீடியோ. லிப்போசோம் விற்றமின் சியை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துக் காட்டினாள். உடம்பில் உள்ள நஞ்சையெல்லாம் இது கழுவிவிடும், கடையில் வாங்கினால் கொள்ளை விலை என்றாள் தங்கச்சி.

விசயம் இவ்வளவுதான். சும்மா விற்றமின் சி குடித்தால் உடம்பு தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதையே லெசித்தினால் செய்த மிக மிக நுண்ணிய கொழுப்பு உறைக்குள், அதுதான் லிப்போசோம், அடைத்துக் கொடுத்தால், உடம்பு அதைத் தன்னுடையது என்று நினைத்து உள்ளே விட்டுவிடுமாம். எங்கள் உடம்பில் உள்ள ஒவ்வொரு கலத்தையும் மூடியிருக்கும் மென்சவ்வும் ஏறக்குறைய இதே சாமானால் ஆனதுதான். இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் கீறுகிறவள். அதனால் எனக்கு வீடியோ முழுவதும் பார்க்கவே தேவைப்படவில்லை. பாதியிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

முதல் நாளே லெசித்தினைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கிணற்றுத் தண்ணீர் இல்லை, சுத்திகரிப்பு நிலையத்தில் கானில் பிடித்து வருகிற தண்ணீர். கிணற்றுத் தண்ணீர்தான் கிட்னியைக் கெடுக்கிறது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம், அதில் நான் மகா கவனம். மறுநாள் தூளைக் கரைத்துச் சேர்த்து, கிறைண்டரில் விட்டு அடித்தேன். பொங்கிப் பொங்கி நுரை வந்தது. கிறைண்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை மேசையெல்லாம் ஓடியது. வடித்துப் போத்தலில் ஊற்றிப் பிறிட்ஜில் வைத்தேன். நாளுக்கு மூன்று தரம், இரண்டிரண்டு மேசைக்கரண்டி. இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

ஊறிய லெசித்தினில் ஒரு சின்னத் துண்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதைக் கண்ணாடியில் தேய்த்துக் காயவிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். என்ன நடக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. தண்ணீர் போய்த் தொட்டதுதான் தாமதம், அந்த மஞ்சள் அழுக்கின் ஓரத்தில் இருந்து இழை இழையாக ஏதோ முளைத்து வந்தது. வளைந்தது, சுருண்டது, தன்னைத் தானே சுற்றிக்கொண்டது. சில இழைகளின் நுனி உப்பி உருண்டையாக நின்றது. ஒருவரும் அதைப் பிடித்து உருட்டவில்லை. தண்ணீர் பட்டதும் தானாகவே தோலாகி, தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உயிர் என்கிற ஒன்று உலகத்தில் முதன்முதலாக இப்படித்தான் ஒரு வீடு கட்டியிருக்குமோ என்று நினைத்தேன். காவலாளி வந்து கதவைப் பூட்டவேண்டும் என்று சொல்லும்வரை கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பிரமிப்புத்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தெரிகிறது. இவ்வளவு அழகான ஒன்று கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கிழமை கிளினிக் நாள் வந்தது. கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு காத்திருப்பவர்களின் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் எந்த இலையை அவித்துக் குடிக்கிறார், இன்னொருவர் எந்தப் பட்டையை ஊறவைக்கிறார் என்று வெளியே எல்லாம் விலாவாரியாகப் பேசுவார்கள். உள்ளே போனதும் நேர்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்பார், வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று. அத்தனை பேரும் ஒரே குரலில் இல்லை என்பார்கள். சொன்னால் ஏசுவினம் என்ற பயம். அவர்களைப் பற்றி எனக்குள் எப்போதும் ஒரு நக்கல் இருந்தது. அன்றைக்கு நேர்ஸ் இவரைக் கேட்டபோது இவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். நான் கொடுப்பது மருந்து இல்லையே, விற்றமின்தானே என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிழமை போனதும் எனக்கு இன்னொரு ஆசை பிடித்தது. கிறைண்டரில் அடித்தால் உறைகள் பெரிதாகத்தான் வருமாம். சரியான அளவுக்கு வரவேண்டும் என்றால் கழியொலி மெசின் வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைக்கும் மெசின். வன்னியில் அதற்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தால், நகைக்கடைகளில் பவுண் நகையின் இடுக்கில் உள்ள அழுக்கை எடுக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் இரண்டு கடையில் கேட்டேன். நகையைக் கழுவும் தொட்டியில் மருந்தா என்று சிரித்தார்கள். மல்லாவியில் மெசின் பழுது. கடைசியில் ஒருவர் சொல்லி, வேறொரு சின்ன ரவுணில் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். அந்த ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். புதிதாக அடித்த ஒரு போத்தலை ஈரத் துணியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன். கடையில் ஒரு சனமும் இல்லை. நகை செய்யும் தம்பி ஒருவர் தனியாக இருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். நான் விசயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. தொட்டியில் இருந்த சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிவிட்டு மூன்று தரம் கழுவினார். நல்ல தண்ணீர் விட்டார். என்னுடைய கலவையைத் தொட்டிக்குள் நேராக விடாமல் ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி, அந்தச் சாடியை நடுவில் இறக்கினார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. பிறகு சுவிச்சைப் போட்டார்.

மெசின் இரைந்தது. சாடிக்குள் இருந்த நுரை மெல்ல மெல்ல அடங்கியது. தயிர் மாதிரி இருந்த கலவை இளகி, பால்போல ஆகி, பிறகு அதற்கும் மேலே தெளியத் தொடங்கியது. அங்கே எத்தனை கோடி உறைகள் உடைந்து, இன்னும் சின்னனாக மூடிக்கொள்கின்றன என்று நினைக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பிக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். மென்சவ்வு, கொழுப்பு, நுணுக்குக்காட்டியில் பார்த்தது எல்லாம் கொட்டினேன். அவர் ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ருசி எப்படி என்று கேட்டார். தேசிக்காயைவிடப் புளிப்பு என்றேன். யாருக்கு என்று கேட்டார். என்னுடைய வீட்டுக்காரருக்கு என்றேன். அவருக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்.

பெரிதாக ஒன்றுமில்லை, கிட்னியில் கொஞ்சம், கிரியேற்றினின் ஏறியிருக்கு என்றேன்.

அவர் கையை நீட்டி சுவிச்சை நிப்பாட்டினார்.

கடை அமைதியாகிவிட்டது. அவர் ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தார். நான் பின்னுக்கு நகர்ந்துவிட்டேன். மணிக்கட்டில் இருந்து மேலே ஒரு இரத்தக் குழாய் கயிறு மாதிரிப் புடைத்து ஓடியது. அதன் மேலே ஊசி ஏற்றிய தழும்புகள், புதிதும் பழசுமாய்.

"தொட்டுப் பாருங்கோ ரீச்சர்," என்றார்.

விரலை வைத்தேன். தோலுக்குக் கீழே ஏதோ இரைந்துகொண்டு ஓடியது. நாடித் துடிப்பு இல்லை, அதிர்வு. ஒரு வினாடிகூட நிற்காத அதிர்வு. சற்று முன் மெசினில் கை வைத்தபோது இருந்ததுபோலவே இருந்தது. இரண்டு குழாய்களை ஒன்றாகத் தைத்திருக்கிறார்களாம், இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவதற்கு. கிழமைக்கு இரண்டு நாள், நாலு நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரி மெசினோடு கிடக்கிறாராம். பாடப் புத்தகத்தில் டயலைசிஸ் என்று நாலு வரி இருக்கிறது, அதை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அந்த நாலு வரி என் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. 

அவருக்கும் தொடக்கத்தில் கிரியேற்றினின் கொஞ்சம்தான் ஏறியிருந்ததாம். யாரோ, வெட்டினால் நட்சத்திரம்போல இருக்கும் காமரங்காயின் சாறு நல்லது, எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று சொல்ல, வீட்டு முற்றத்தில் காய்த்துக் கொட்டியதைப் பிழிந்து, விடிய வெறுவயிற்றில் குடித்திருக்கிறார். அந்தப் புளிப்பில் உள்ள ஏதோ ஒன்று கிட்னிக்குள் கல்லுத் தூள்போலப் படிந்து அடைத்துவிட்டது என்று பிறகு டொக்டர் சொன்னாராம்.

"உங்கட மருந்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது ரீச்சர். நீங்கள் படிச்சனீங்கள். ஆனா என்னட்டையும் கிளினிக்கில கேட்டவை, வேற ஏதும் குடிக்கிறனீங்களோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னனான். குறை நினையாதேங்கோ. ஒருக்காக் கேட்டுப்போட்டுக் குடுங்கோ."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். காமரங்காயும் விற்றமின் சியும் ஒன்றா, இவருக்கு என்ன தெரியும் என்று. சாடியை வாங்கிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, நன்றிகூட ஒழுங்காகச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஸ்கூட்டர் பாதி வழி வந்திருக்கும். காமரங்காயில் இருப்பது ஒட்சாலிக் அமிலம். அது எனக்குத் தெரியும். விற்றமின் சி உடம்பில் உடையும்போது என்ன ஆகிறது? அதுவும் எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன், ஒரு சோதனையில் எழுதியும் இருக்கிறேன். அதில் ஒரு பங்கு அதே ஒட்சாலிக் அமிலமாகத்தான் ஆகிறது. அதை வெளியே தள்ளுவது யார்? சிறுநீரகம். களைத்துப்போன சிறுநீரகம் வேண்டாம் வேண்டாம் என்று வெளியே தள்ளுவதை, அதை ஏமாற்றி உள்ளே அனுப்ப ஒரு உறை செய்து கொடுத்தவள் நான்.

ஸ்கூட்டரை வீதி ஓரத்தில் நிறுத்தினேன். இவருக்குப் போன் எடுத்து, இன்றைக்குக் குடித்தீர்களா என்று கேட்டேன். காலையும் மத்தியானமும் நீர் சொன்னபடி குடிச்சிட்டன், ஏன் என்றார். இனித் தொடவேண்டாம் என்றேன். அந்த வெயிலில் வீதியில் நின்று, பிள்ளைகள் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பாராமல் அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, போத்தல், தூள் டப்பா, லெசித்தின் பக்கெட் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு இவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அன்றைக்கு இருந்த டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. போனமுறை பொய் சொன்னேன் என்று முதலிலேயே சொன்னேன். அவா ஏசவில்லை. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதினா. சும்மா சுகமான ஆளுக்கு இது பெரிய பிரச்சினையாக இராது, ஆனால் இவருக்கு இந்த அளவு ஆபத்து என்று விளக்கினா. உடனே இரத்தம் எடுத்தார்கள். எண் ஏறியிருந்தது. முதல் வட்டம் போட்டதைவிட நன்றாகவே ஏறியிருந்தது. நிறுத்தியிருக்கிறீர்கள், பார்ப்போம், இரண்டு கிழமை கழித்து வாங்கோ என்றா. இன்னும் ஒரு மாதம் குடித்திருந்தால் என்று கேட்டேன். அவா கிளினிக் கொப்பியில் திகதியை எழுதி என் கையில் தந்தா.

அந்த இரண்டு கிழமையும் நான் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெரியாது. இவர் வழமைபோல வயலுக்குப் போனார், நெல்லுக் காயப்போட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குடித்த நாட்களில் ஏதும் செய்ததா என்று கேட்டேன். வயிறு எரிந்தது, முதுகுக்குக் கீழே நாரியும் நொந்தது என்றார் சாதாரணமாக. ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன்.

"நீர் செய்து தந்தது. அதில என்ன பிழை வரப்போகுது எண்டு குடிச்சனான்," என்றார்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவர் அப்படித்தான் நம்பியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் இந்த மனிதரைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் என்னை இவ்வளவு நம்புகிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எழுந்து குசினிக்குள் போய் நின்றுவிட்டேன்.

இரண்டு கிழமையில் எண் இறங்கியது. அடுத்த மாதம் இன்னும் இறங்கி, பழைய இடத்துக்குக் கிட்ட வந்து நின்றது. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தா. அப்போதே, டயலைசிஸ் செய்கிற ஒருவருக்கு என்ன சாமான் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் கேட்டேன். வாழைப்பழச் சீப்பும் இளநீரும் என்றுதான் நினைத்திருந்தேன், பொற்றாசியம் அதிகம், இரண்டும் கூடாது என்றா. நல்ல காலம், கேட்டேன். எங்கள் வயல் அரிசியில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனேன்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தையல்கடை அக்கா, தம்பி பவுண் எடுக்க யாழ்ப்பாணம் போயிட்டார், கிழமையில ரெண்டு நாள் போவார் என்றா. நல்ல ஓட்டமான பிள்ளை, அதுதான் இவ்வளவு வேலை வருகுது என்றும் சொன்னா. கிழமையில் இரண்டு நாள் என்றதும் எனக்குள் ஏதோ இடித்தது. நல்ல வேளை, ஆஸ்பத்திரிக்கோ என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவரைக் கண்டேன். விசயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. ஐயா தப்பினார்தானே, அது போதும் ரீச்சர் என்றார். நான் தயங்கித் தயங்கி, ஊரில் ஒருவருக்கும் தெரியாதோ என்று கேட்டேன். வீட்டு ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றார். இங்கே சனம் தாலி செய்யவும் நகை மாற்றவும் தங்களிடம் உள்ள பவுண் முழுவதையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் பொறுத்திருந்து வாங்கிப் போவார்கள். எல்லாம் ஆள் மேலே உள்ள நம்பிக்கை.

"நாளைக்கு இருப்பானோ எண்டு தெரியாத ஆளிட்ட ஆர் ரீச்சர் பவுணைக் குடுப்பினம்?" என்றார். சொல்லிக்கொண்டே சாதாரணமாக ஒரு மோதிரத்தை அராவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அன்றைக்கு அவர் ஏன் தெருவை எட்டிப் பார்த்தார் என்று விளங்கியது. நான் அவருக்கு யார்? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. வாய் ஓயாத ஒரு ரீச்சர். வெளியே போய் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தால் அவருடைய கடை அதோடு முடிந்திருக்கும். அது தெரிந்துதான், தான் கண்டே இராத ஒரு விவசாயிக்காக அந்தப் பொத்தானைக் கழற்றியிருக்கிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊர் தெரியாமல் எழுதுங்கோ என்றார்.

இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த உண்மைகளை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் சொன்னால் என் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் யாருக்காவது ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறேனா என்று அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.